நூறு திர்ஹமுக்கு ஸகாத் எவ்வளவு?



தரம் 10 பிள்ளை ஒருவர் கேட்டார்: "சேர், ஒருத்தர் வந்து நான்தான் இமாம் எண்டு சொன்னா, அது உண்மையா பொய்யா எண்டு ஷீஆக்கள் எப்படிக் கண்டுபிடிப்பாங்க?" வகுப்பில் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். நாம் அஹ்லுஸ் ஸுன்னாவைச் சேர்ந்தவர்கள். இமாமத் பற்றிய அவர்களது கொள்கை நம்முடையதல்ல. ஆனாலும் இந்த வரலாற்றில் நமக்கும் பாடம் உண்டு.

ஷீஆக்களில் பெரும்பாலோரிடம் இமாமை மக்கள் தெரிவு செய்வதில்லை. முன்னைய இமாம் அவரைத் தெளிவாக நியமித்திருக்க வேண்டும். இதற்கு 'நஸ்' என்று பெயர். அதோடு, மார்க்க அறிவில் அவரே எல்லோருக்கும் மேலானவராகவும் பாவத்திலிருந்து பாதுகாக்கப்பட்டவராகவும் இருக்க வேண்டும்.

ஹிஜ்ரி 148இல் (கி.பி. 765) இமாம் ஜஃபர் ஸாதிக் (ரஹ்) மதீனாவில் வபாத்தானார்கள். உயிரோடிருந்த பிள்ளைகளில் மூத்தவர் அப்துல்லாஹ். பலர் அவர் பின்னால் போனார்கள். ஷீஆ நூல்கள் சொல்வதன்படி, ஹிஷாம் இப்னு ஸாலிம் என்பவர் தம் தோழருடன் அவரிடம் சென்று கேட்டார்: "200 திர்ஹமுக்கு ஸகாத் எவ்வளவு?" "ஐந்து" என்றார். "100 திர்ஹமுக்கு?" "இரண்டரை" என்றார். கணக்கு சரி, மார்க்கம் பிழை! வெள்ளியின் நிஸாப் 200 திர்ஹம். அதற்குக் குறைந்தால் ஸகாத்தே கடமையில்லை. இருவரும் எழுந்து வந்துவிட்டார்கள். பிறகு இருபது வயதளவான தம்பி மூஸா காழிமிடம் கேட்டுத் தெளிந்தார்கள். சில மாதங்களுக்குள் அப்துல்லாஹ்வும் ஆண் வாரிசின்றி மரணித்தார். இன்னொரு சாரார், நஸ் முதலிலேயே இஸ்மாயீலுக்குக் கிடைத்துவிட்டது, அதை மாற்ற முடியாது என்றார்கள். அவர்களே இஸ்மாயீலிகள்.

நம் நாட்டில் கடை நடத்தும் தாவூதி போராக்கள் அந்த வழியில் வந்தவர்கள். அவர்களது 21ஆவது இமாம் தையிப் மறைந்திருப்பதாக நம்புவதால், அவருக்குப் பதிலாகத் தாஈ ஒருவர் வழிநடத்துகிறார். தாஈக்கும் நஸ் வேண்டும். 2014இல் 52ஆவது தாஈ மும்பாயில் காலமானதும் இருவர் உரிமை கோரினர். வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போய், 2024 ஏப்ரலில்தான் தீர்ப்பு வந்தது. சாட்சிகள், கையெழுத்துகள், குறிப்பேடுகள் என எல்லாம் ஆராயப்பட்டன. முஃபத்தல் ஸைஃபுத்தீனுக்கு எதிரான வழக்கு தள்ளுபடியானது. தாம் தீர்த்தது ஆதாரத்தை வைத்துத்தான், நம்பிக்கையை வைத்தல்ல என்று நீதிபதி சொன்னார்.

இனி நம் பக்கம். 2014இல் மோசூலில் ஒருவர் தன்னைக் கலீஃபா என்றார். கேள்வி கேட்காமல் அவருக்கு பைஅத் செய்தவர்கள் நம் மண்ணிலும் இருந்தார்கள். 2019 உயிர்த்த ஞாயிறன்று என்ன நடந்தது என்பதை எழுதத் தேவையில்லை. திகன வடு ஆறுவதற்குள் இன்னொரு வடு. எங்கோ சிலர் கொடுத்த பைஅத்துக்கு, கண்டியில் பஸ்ஸில் போன நம் தாய்மாரும் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

உரிமை கோரியவர் நபியவர்களின் பரம்பரையில் வந்தவர், அதிலும் மூத்த பிள்ளை. அப்படியிருந்தும் ஹிஷாம் ஒரு ஸகாத் கணக்குக் கேட்டார். நம் பிள்ளைகள் ஒரு யூடியூப் பயானுக்கே தலையாட்டிவிடுகிறார்கள். பெற்றோரே, உங்கள் பிள்ளை "ஆதாரம் என்ன?" என்று கேட்டால் வாயை அடைக்காதீர்கள். அதை அதபுக் குறைவு என்றும் நினைக்காதீர்கள்.

வஸ்ஸலாம்.