சிலாங்கூர் ஆற்றின் மேல்முனையும் கீழ்முனையும்

தித்திவங்சா மலைத்தொடரில் பிறந்து, கோலா குபு பாருவைக் கடந்து, ஏறத்தாழ 110 கிலோமீட்டர் ஓடி, கோலா சிலாங்கூரில் கடல் சேரும் சிலாங்கூர் ஆற்றின் வரலாறு, அதன் நீருக்காகவும் கரைக்காகவும் யார் யாருக்கு வழிவிட நேர்ந்தது என்பதன் வரலாறாகவும் இருக்கிறது. மேல்முனையில் நின்ற பழைய மண்ணணை 1883 அக்டோபரில் உடைந்து, மாவட்ட அதிகாரி செசில் ரேங்கிங் உட்படப் பலரைக் கொண்டுபோயிற்று. பின்னாளில் ஈய லம்பங்கள், அதாவது ஈயச் சுரங்கங்கள், கழித்துவிட்ட மணல் ஆற்றுப்படுகையை உயர்த்த, வெள்ளம் வழக்கமாகி, 1926ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்துக்குப் பின் அங்கிருந்த ஊரே இடம் மாறியது. நகரமைப்பு வல்லுநர் சார்ல்ஸ் ரீட் வகுத்த அப்புதிய ஊரே கோலா குபு பாரு. சுரங்கத்தின் ஆதாயம் ஒருபுறம் சேர, இழப்பு முழுவதும் ஊரார் தலையில் விழுந்தது.

கீழ்முனையில் நிலத்தின் முகத்தை மாற்றியவை தோட்டங்கள். 1917இல் தென்னமரம் தோட்டத்தில் வணிக நோக்கில் நடப்பட்ட செம்பனை, காலப்போக்கில் ரப்பரின் இடத்தைப் பிடித்து, தமிழ்த் தொழிலாளர் உழைப்பில் ஆற்றோரம்வரை பரவியது. அந்த ஆற்றங்கரையில்தான் பெரெம்பாங் எனப்படும் அலையாத்தி வகை மரங்கள் நிற்கின்றன. கம்போங் குவாந்தானில் இரவுதோறும் பயணிகள் காணவரும் மின்மினிகள் அவற்றில் கூடி ஒரே தாளத்தில் ஒளிர்கின்றன. மின்மினிகளின் புழுக்களோ கரைச் சேற்றில் நத்தைகளைத் தின்று வளர்கின்றன. ஆகவே மரத்தை மட்டும் விட்டுவைத்துப் அதன் பின்னாலுள்ள நிலத்தைத் திருத்தி நட்டாலும் மின்மினிக்குக் கேடுதான். பயணிகளை ஏற்றிச்செல்லும் சம்பான் படகுத் துடுப்புக்காரர்களின் பிழைப்பு ஒளியைச் சார்ந்திருக்க, அந்த ஒளிக்குத் தேவையான கரையின் பெரும்பகுதி வேறொருவர் பட்டாவில் இருந்ததே கரையைப் பற்றிய பூசலின் வேர்.

1998ஆம் ஆண்டுக் குடிநீர்ப் பஞ்சம் கிள்ளான் பள்ளத்தாக்கை உலுக்கியபின், கோலா குபு பாருவுக்கு மேலே சிலாங்கூர் ஆற்று அணை எழுந்தது. நன்னீர் வரத்து குறைந்தால் கடலுப்பு மேலேறி, குறைந்த உப்பில் வாழும் பெரெம்பாங்கை வாட்டும் என்று சுற்றுச்சூழல் அமைப்புகள் வாதிட்டன. அதே அணைக்காக, பூர்வகுடிகளான தெமுவான் மக்கள் கெராச்சி, பெர்த்தாக் குடியிருப்புகளைவிட்டுப் பெயர்ந்தனர். மின்மினிக்குச் சுற்றுலாச் சந்தையில் விலை இருந்தது. மூதாதையர் நிலத்துக்கு அத்தகைய விலை இல்லை. இரு முனைகளின் குறைகளும் ஒரே அளவில் கேட்கப்பட்டன என்று சொல்ல இடமில்லை.

2009இல் சிலாங்கூர் அரசு, மாநில நீர் நிர்வாக வாரியச் சட்டத்தின்கீழ், மின்மினிகள் வாழும் கரைப்பகுதியைப் பாதுகாப்பு வலயமாக அரசிதழில் அறிவித்தது. அந்த ஏற்பாடு பட்டாவைப் பறிக்கவில்லை. கரையில் எதைச் செய்யலாம் என்பதற்கு மட்டும் வரம்பு கட்டியது.