ஒரு கட்டளை வரிக்கு உரை

இணையவழி வகுப்பு நடத்தும் சிறு நிறுவனத்துக்குப் பொருந்தும் எஃப்எஃப்எம்பெக் (காணொளியைச் சுருக்கி மாற்றும் நிரல்) கட்டளை ஒன்று கீழே. கணினியில் ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்வதை இங்கே ஒலிப்படி தந்திருக்கிறேன். மாதக் கடைசியில் வரும் கிளவுட் பில்லின் பெரும்பகுதியை முடிவு செய்வது இந்த ஒரு வரிதான். அதனால் சொல் சொல்லாகப் பிரித்துப் படிப்பது வீண்வேலை அல்ல.

எஃப்எஃப்எம்பெக் -ஐ வகுப்பு.எம்பி4 -விஎஃப் ஸ்கேல்=-2:720 -சி:வி லிப்எக்ஸ்264 -பிரிசெட் ஸ்லோ -சிஆர்எஃப் 23 -மேக்ஸ்ரேட் 2500கே -பஃப்சைஸ் 5000கே -ஜி 50 -எஸ்சி_திரெஷோல்ட் 0 -சி:ஏ ஏஏசி -ஏசி 1 -பி:ஏ 64கே -எச்எல்எஸ்_டைம் 6 -எச்எல்எஸ்_பிளேலிஸ்ட்_டைப் விஓடி 720.எம்3யு8

ஸ்கேல்=-2:720 – உயரம் 720 பிக்சல்; அகலத்தை விகிதம் கெடாமல் இரட்டைப்படை எண்ணாகக் கணக்கிட்டுக்கொள். மூலப் பதிவே 720 என்றால் 1080-க்கு இன்னொரு பதிப்பு எடுக்காதீர்கள். இல்லாத துல்லியம் வராது. என்கோடிங், சேமிப்பு, அனுப்புதல் மூன்றுக்கும் பணம் மட்டும் போகும்.

லிப்எக்ஸ்264 – எச்.264 வகை என்கோடர். 2003-இல் வந்த தரநிலை; இன்று புழக்கத்தில் உள்ள எந்த ஃபோனும் சிரமமின்றி இயக்கும். 2018-இல் வந்த ஏவி1 இதைவிடச் சிறிய கோப்பைத் தரும். ஆனால் என்கோட் செய்ய அதிக நேரம் பிடிக்கும்; பழைய ஃபோன்களில் அதற்கான வன்பொருளும் இல்லை. லட்சக்கணக்கானோர் பார்க்கும் வீடியோவுக்கு அந்தச் செலவு தகும். நூறு பேர் பார்க்கும் வகுப்புக்குத் தகாது.

பிரிசெட் ஸ்லோ – நிதானமாகச் சுருக்கு என்று பொருள். இங்கேதான் பலர் கையைச் சுருக்குகிறார்கள்: கணினி நேரத்துக்குக் காசு என்று ‘வெரிஃபாஸ்ட்’ போடுகிறார்கள். என்கோடிங் செலவு ஒரே ஒரு முறை. அனுப்பும் செலவோ ஒவ்வொருவர் பார்க்கும்போதும். நிறையப் பேர் பார்க்கப்போகும் பாடம் என்றால் மெதுவாகச் சுருக்குவதே மலிவு. பத்துப் பேர் பார்த்து மறக்கும் அறிவிப்புக்கு ‘மீடியம்’ போதும்.

சிஆர்எஃப் 23, மேக்ஸ்ரேட் 2500கே, பஃப்சைஸ் 5000கே – இம்மூன்றையும் சேர்த்தே படிக்க வேண்டும். இந்த வரியின் உயிர் இங்கே இருக்கிறது. நிலையான பிட்ரேட் (விநாடிக்கு இத்தனை பிட் என்ற அளவு) கொடுத்தால், ஆசிரியர் அசையாமல் நின்று பேசும் காட்சிக்கும், ஜதிக்கு ஆடும் நடனக் காட்சிக்கும் ஒரே அளவு டேட்டா ஒதுக்கப்படும். சிஆர்எஃப், பிட்ரேட்டைக் கேட்காமல் தரத்தைக் கேட்கிறது. எண் குறைந்தால் தரம் கூடும். ஆறு கூட்டினால் கோப்பு ஏறக்குறைய பாதியாகும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2500 கிலோபிட்டில் ஒரு மணி நேரப் படம் 1.125 ஜிபி. ஆயிரம் பேர் முழுதாகப் பார்த்தால் 1,125 ஜிபி. அதே வகுப்பு சிஆர்எஃப் முறையில் சராசரி 800 கிலோபிட்டில் அடங்கியதாக வைத்துக்கொள்வோம்: 360 ஜிபி. கரும்பலகையும் ஸ்லைடும் மட்டுமே உள்ள பாடங்களில் இப்படி இறங்குவது இயல்பு. நெட்ஃபிளிக்ஸ் 2015 டிசம்பரில் ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனி பிட்ரேட் அடுக்கு என்று அறிவித்ததன் அடிப்படையும் இதுதான். அதற்கு முன் அங்கே எல்லாப் படத்துக்கும் 235 முதல் 5800 கிலோபிட் வரை ஒரே அடுக்கு.

சிஆர்எஃப் மட்டும் இருந்தால் ஆபத்தும் உண்டு. சிக்கலான காட்சி வந்ததும் பிட்ரேட் எகிறும். பேருந்தில் பார்ப்பவருக்குப் படம் சுற்றிக்கொண்டு நிற்கும். மேக்ஸ்ரேட் அதற்குக் கடிவாளம். பஃப்சைஸ், அந்த உச்ச வேகத்தில் இரண்டு விநாடிக்கான இருப்பு.

ஜி 50, எஸ்சி_திரெஷோல்ட் 0, எச்எல்எஸ்_டைம் 6 – நொடிக்கு 25 ஃபிரேம் பதிவில் இரண்டு விநாடிக்கு ஒரு முழுப்படம், அதாவது கீஃபிரேம். காட்சி மாறினாலும் இடையில் இன்னொன்றைச் செருகாதே. எச்எல்எஸ் முறையில் காணொளி சிறு துண்டுகளாக அனுப்பப்படுகிறது; மூன்று இடைவெளி சேர்ந்தால் ஆறு விநாடித் துண்டு. எல்லாத் தரப் பதிப்புகளிலும் துண்டு ஒரே இடத்தில் வெட்டுப்பட்டால்தான் பிளேயர் தடங்கலின்றித் தாவும். கீஃபிரேம் கனமானது. ஒரு விநாடிக்கு ஒன்று என்று வைத்தால் அசையாத கரும்பலகைக்கே பிட்டுகள் கரையும். துண்டுகளை மிகச் சிறிதாக்கினாலோ, கோரிக்கைக்கு இத்தனை என்று வசூலிக்கும் சிடிஎன்களில் (காணொளியைப் பார்ப்பவரிடம் கொண்டுசேர்க்கும் சர்வர் வலையமைப்புகளில்) பில் ஏறும்.

ஏசி 1, பி:ஏ 64கே – ஒற்றைச் சேனல், 64 கிலோபிட். பேச்சுக்கு இது போதும். காணொளி 800-க்கு இறங்கிய பிறகு ஒலிக்கு வழக்கம்போல் 128 கொடுத்தால், அது காணொளியில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. சங்கீத வகுப்புக்கு மட்டும் ஸ்டீரியோவும் 128-உம் கொடுங்கள். தம்புராவின் ரீங்காரத்தில் கஞ்சத்தனம் காட்டக்கூடாது.

720.எம்3யு8 – இது பிட்ரேட் அடுக்கில் ஒரு படி மட்டுமே. கீழே 480, 360 என இரண்டு போதும். பக்கத்துப் படிகளுக்கிடையே பிட்ரேட் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வித்தியாசம் இருக்கட்டும். நிமிடக் கணக்கில் வசூலிக்கும் என்கோடிங் சேவைகளில் ஒவ்வொரு படிக்கும் தனிக் கட்டணம். 240 வேண்டாம் என்பேன்: பலகையில் ணகரத்தின் சுழியும் னகரத்தின் சுழியும் அங்கே ஒன்றாகக் குழைந்துவிடும். எழுத்து தெரியாத பாடத்தை மலிவாக அனுப்பி என்ன பயன்?

இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் பதிவில் எழுத்து மிகப் பொடியாக இருக்கும் ஒரு நிமிடத்தை வெட்டி, 21, 23, 26 என மூன்று சிஆர்எஃப்பில் எடுத்து, உங்கள் மாணவரிடம் இருக்கும் விலை குறைந்த ஃபோனில் பாருங்கள். எழுத்துத் தெளிவாகத் தெரியும் பெரிய எண் எதுவோ, அதைக் கட்டளையில் போடுங்கள்.