மீட்கப் போன ஹெலிகாப்டரே விபத்தில் சிக்குவது ஏன்? மலையில் என்ன பிரச்சினை?

காமயகவுண்டன்பட்டியில் நின்று பார்த்தால் ஒரு பக்கம் மேகமலை, இன்னொரு பக்கம் கேரள எல்லை மலைகள். மேலே யாராவது மாட்டிக்கொண்டால், "ஹெலிகாப்டர் அனுப்பினா அரை மணி நேரத்துல தூக்கிட்டு வந்துடலாமே" என்றுதான் தோன்றும். ஆனால் அது அவ்வளவு ஈஸி இல்லை. மலையில் மீட்கப் போனவர்களே உயிரிழந்த சம்பவங்கள் உண்டு.

குரங்கணியில் நடந்தது என்ன?

2018 மார்ச் 11. தேனி மாவட்டம் போடி அருகே குரங்கணி மலைக்கு டிரெக்கிங் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கினர். 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மீட்புப் பணி சூடுபிடிப்பதற்குள் இருட்டிவிட்டது. இரவில் காயமடைந்தவர்களை டோலி கட்டியும் தோளில் சுமந்தும் இறக்கியது உள்ளூர் மக்களும் மீட்புக் குழுவினரும்தான். விமானப்படை ஹெலிகாப்டர்களின் பணி மறுநாள் காலையில்தான் வேகமெடுத்தது.

"ஏன் லேட்?" என்ற கேள்வி அப்போது பலருக்கும் எழுந்தது. ஆனால் மலையில் அவசரப்பட்டுப் பறப்பதற்கான விலை மிகப் பெரியது.

மீட்கச் சென்ற 20 பேர் பலி

2013 ஜூனில் உத்தராகண்டைப் பெருவெள்ளம் புரட்டிப்போட்டது. ஜூன் 25-ம் தேதி, கேதார்நாத் பணியில் இருந்து திரும்பிய விமானப்படையின் எம்ஐ-17 வி5 ஹெலிகாப்டர் கௌரிகுண்ட் அருகே விழுந்தது. அதில் இருந்த 20 பேரும் உயிரிழந்தனர். விமானப்படையினர் 5 பேர், தேசிய பேரிடர் மீட்புப் படையினர் 9 பேர், இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையினர் 6 பேர்.

2025 ஆகஸ்ட் 15-ம் தேதி பாகிஸ்தானின் கைபர் பக்துன்க்வா மாகாணத்திலும், வெள்ள நிவாரணப் பொருட்களுடன் சென்ற எம்ஐ-17 விழுந்து 5 பேர் இறந்தனர். மோசமான வானிலையே காரணம் என்று சொல்லப்பட்டது.

மலையில் ஏன் இவ்வளவு ஆபத்து?

மெலிந்த காற்று: இறக்கைகள் காற்றைக் கீழே தள்ளுவதால்தான் ஹெலிகாப்டர் மேலே நிற்கிறது. உயரம் கூடினால் காற்றின் அடர்த்தி குறையும், வெயில் ஏறினாலும் குறையும். இன்ஜினின் சக்தியும் குறையும். அதனால் ஏற்றும் ஆட்களையும் எரிபொருளையும் குறைக்க வேண்டும். ஆளைத் தூக்க ஒரே இடத்தில் அசையாமல் நிற்பதற்கு, முன்னோக்கிப் பறப்பதைவிட அதிக சக்தி வேண்டும்.

சுழல் காற்று: மலை முகட்டைத் தாண்டி இறங்கும் காற்று ஹெலிகாப்டரைக் கீழே அழுத்தும். பள்ளத்தாக்கில் திரும்பித் தப்பிக்க இடமும் இருக்காது.

மேகம்: 2021 டிசம்பர் 8-ம் தேதி, சூலூரில் இருந்து வெலிங்டன் சென்ற ஹெலிகாப்டர் குன்னூர் அருகே விழுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட 14 பேர் உயிரிழந்தனர். அது மீட்புப் பணி அல்ல. ஆனால் பாடம் ஒன்றுதான். பள்ளத்தாக்கில் வானிலை திடீரென மாறி, ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்ததால் விமானி திசை உணர்வை இழந்தார் என்றது விசாரணைக் குழு.

கம்பிகள்: 2019 ஆகஸ்ட் 21-ம் தேதி, உத்தரகாசியில் நிவாரணப் பொருள் கொண்டுசென்ற ஹெலிகாப்டர், குறுக்கே சென்ற கம்பியில் சிக்கி விழுந்ததில் 3 பேர் இறந்தனர். மெல்லிய கம்பி, பக்கத்தில் போகும் வரை கண்ணுக்கே தெரியாது.

தீயும் புகையும்: காட்டுத்தீயில் புகை பார்வையை மறைக்கும். தாழப் பறந்தால் இறக்கைக் காற்றே தீயை விசிறிவிடும். இதோடு இருட்டும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு.

நீங்கள் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது?

* அனுமதி பெற்ற பாதையில் மட்டும் செல்லுங்கள். குரங்கணி சம்பவத்துக்குப் பிறகு, தமிழகத்தில் மலையேற்றத்துக்கென 2018-லேயே தனி விதிமுறைகள் வந்துவிட்டன.
* சிக்னல் கிடைத்தால் 112-ஐ அழைத்து, இருக்கும் இடத்தைச் சொல்லுங்கள். முடிந்தவரை அங்கேயே இருங்கள்.
* ஹெலிகாப்டரைப் பார்த்தால் இரு கைகளையும் 'வி' போல உயர்த்துங்கள். அதற்கு 'உதவி தேவை' என்று பொருள். ஒரு கையை மட்டும் உயர்த்தி மறு கையைத் தாழ்த்தினால் 'வேண்டாம்' என்று அர்த்தமாகிவிடும்.
* துண்டு, தொப்பி, தார்ப்பாய் எதுவும் பறக்காமல் பிடித்துக்கொள்ளுங்கள்.
* தரையிறங்கினாலும் ஓடிப்போய் ஏறாதீர்கள். விமானக் குழுவினர் சைகை காட்டிய பிறகு, முன்பக்கமாகக் குனிந்து செல்லுங்கள். வால் பக்கமும், சரிவின் மேட்டுப் பக்கமும் போகவே கூடாது. மேட்டுப் பக்கத்தில் சுழலும் இறக்கை தலைக்கு மிக அருகில் இருக்கும்.

'இப்போது பறக்க முடியாது' என்று விமானி சொல்வது எப்போதும் அலட்சியம் அல்ல. பல நேரம், மேலே இருப்பவர்களோடு இன்னும் சில உயிர்களும் போகாமல் தடுக்கும் முடிவு அது.