மரீ சக்ஷெவ்ஸ்கா

மரீ எலிசபெத் சக்ஷெவ்ஸ்கா (செப்டம்பர் 6, 1829 – மே 12, 1902) பெர்லினில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய மருத்துவர். பாஸ்டன் நகரில் 1862இல் ‘பெண்கள், குழந்தைகளுக்கான நியூ இங்கிலாந்து மருத்துவமனை’யை நிறுவியவர். அந்த மருத்துவமனையைப் பெண்களே நடத்தினார்கள். நோயாளிகள் பெண்களும் குழந்தைகளும், அங்கே தொழில் பழகிய மருத்துவர்களும் செவிலியரும் பெண்கள். அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்ற முதல் பெண் என்ற பெருமை 1849இல் பட்டம் வாங்கிய எலிசபெத் பிளாக்வெல்லுக்கு உரியது. ஆனால் பட்டம் வாங்கிய பெண் நோயாளியின் படுக்கையருகே நின்று தொழிலைக் கற்க அன்று இடமில்லை. பெரிய மருத்துவமனைகள் எதுவும் அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அந்த இடத்தை உண்டாக்கி, அது நிலைக்கும்படி செய்தவர் மரீ. முதலாமவர்களையே நினைவில் வைக்கும் வழக்கத்தால் அவர் பெயர் பின்னுக்குப் போய்விட்டது. பெண் மருத்துவர்களின் வரலாற்றில் அவரது பங்கு பிளாக்வெல்லின் பங்குக்குக் குறைந்ததல்ல.

பெர்லின் ஆண்டுகள்

சக்ஷெவ்ஸ்கி குடும்பம் போலந்திலிருந்து வந்தது. நிலபுலன்களை இழந்து பிரஷ்யாவில் தங்கியது. தந்தை அரசு ஊழியர். அவர் வருமானம் குடும்பத்துக்குப் போதாமல் போகவே, தாய் பெர்லினின் சாரிட்டே மருத்துவமனையிலிருந்த மருத்துவச்சிகள் பள்ளியில் சேர்ந்து பயிற்சி பெற்றார். பத்து வயதையொட்டிய மரீக்கு அப்போது கண்ணில் நோய். தாயோடு மருத்துவமனையிலேயே சில காலம் தங்கினாள். கண்ணைக் கட்டிக்கொண்டு திரிந்த அந்தச் சிறுமியை ஒரு மருத்துவர் தாம் நோயாளிகளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் கூடவே அழைத்துச் சென்றார். கண் தேறியதும் பிரசவ மருத்துவத்தின் வரலாற்றையும் அறுவை மருத்துவத்தின் வரலாற்றையும் கொடுத்துப் படிக்கச் சொன்னார். நஞ்சினால் பச்சை நிறமாகிவிட்ட ஒரு பிணத்தைப் பார்க்கும் ஆசையில் பிணவறைக்குள் போய், கதவு பூட்டப்பட்டு உள்ளே அகப்பட்டுக்கொண்டதைப் பின்னாளில் தம் வாழ்க்கைக் குறிப்பில் மரீயே எழுதியிருக்கிறார். அதில் அச்சத்தைவிட ஆர்வமே மிகுந்து தெரிகிறது.

பதின்மூன்று வயதில் பள்ளிப் படிப்பு நின்றது. பிறகு தாய் பிரசவம் பார்க்கப் போன வீடுகளுக்கெல்லாம் துணைக்குப் போனார். மருத்துவச்சிகள் பள்ளியில் சேர அவர் கொடுத்த விண்ணப்பங்கள் வயது போதாது, மணமாகவில்லை என்று தள்ளப்பட்டன. பள்ளியின் பொறுப்பிலிருந்த பேராசிரியர் யோசப் ஹெர்மன் ஷ்மிட் அவரது திறமையைக் கண்டு மன்னர் வரைக்கும் பரிந்து பேச, 1849இல் இடம் கிடைத்தது. 1851இல் படிப்பை முடித்தார். ஷ்மிட்டுக்கு உடல்நலம் குன்றிவந்தது. தாம் இருக்கும்போதே மரீயைத் தலைமை மருத்துவச்சியாகவும் பள்ளியின் ஆசிரியையாகவும் அமர்த்திவிட வேண்டும் என்று அவர் விடாப்பிடியாக நின்றார். 1852 மே மாதம் நியமன ஆணை வந்தது. அதே நாளில் ஷ்மிட் இறந்தார்.

ஆண் மாணவர்களுக்கும் பாடம் சொல்லித்தர வேண்டிய பதவி அது. 22 வயதுப் பெண் அதில் உட்கார்ந்ததைச் சகியாதவர்கள் பலர். காப்பாற்ற ஷ்மிட் இல்லை. ஆறு மாதத்தில் மரீ ராஜினாமா செய்தார். பிலடெல்பியாவில் பெண்களுக்கென மருத்துவக் கல்லூரி ஒன்று தொடங்கியிருக்கும் செய்தி முன்பே அவர் காதுக்கு எட்டியிருந்தது. பெண்ணுக்கு மருத்துவப் பட்டம் தரும் நாட்டில் தமக்கு வேலையும் கிடைக்கும் என்று நம்பி, 1853 வசந்தத்தில் தங்கை ஒருத்தியோடு கப்பல் ஏறினார்.

நியூயார்க்கில் ஒரு பின்னலாடைக்காரி

நியூயார்க்கில் போய்ச் சந்தித்த பழைய குடும்ப நண்பரான ஒரு மருத்துவர், அமெரிக்காவில் பெண் மருத்துவர்களுக்கு மதிப்பே கிடையாது என்று சொல்லி, வேண்டுமானால் தம்மிடம் செவிலியாக வேலை பார்க்கலாம் என்றார். மரீ மறுத்துவிட்டார். மறுத்தபின் சோற்றுக்கு வழி? கம்பளி நூலில் குஞ்சங்கள் பின்னிக் கடைகளுக்குக் கொடுக்கும் தொழிலைச் சகோதரிகள் தொடங்கினார்கள். அது வளர்ந்து வேறு பெண்களையும் கூலிக்கு அமர்த்தும் நிலைக்கு வந்தது. பெர்லினின் முதன்மையான மருத்துவமனையில் தலைமைப் பதவி வகித்தவர் ஓராண்டு முழுக்க நூல்கண்டுகளோடு காலம் தள்ளினார். வேலைக்கு வந்த புலம்பெயர்ந்த பெண்கள் எவ்வளவு குறைந்த கூலிக்கு எவ்வளவு நேரம் உழைக்கிறார்கள், வேலை இல்லாத மாதங்களில் அவர்கள் என்ன ஆகிறார்கள் என்பதை அவர் கண்கூடாகப் பார்த்தது அப்போதுதான். பெண்களின் உடல்நலத்தை அவர்களுடைய வருமானத்திலிருந்து பிரித்துப் பேச அவர் பிறகு ஒருபோதும் சம்மதிக்காததற்கு அந்த ஓராண்டே காரணம் என்று சொல்லலாம்.

1854 மே மாதம் எலிசபெத் பிளாக்வெல்லைச் சந்தித்தார். பிளாக்வெல் அவருக்கு ஆங்கிலம் கற்றுத்தந்தார். கிளீவ்லாந்து மருத்துவக் கல்லூரியில் இடம் வாங்கிக் கொடுத்தார். அங்கே பெண்ணுரிமைக்காக உழைத்த கரோலின் செவரன்ஸ் தங்குமிடத்துக்கும் பணத்துக்கும் ஏற்பாடு செய்தார். ஆங்கிலம் சரளமாக வராத நிலையிலேயே விரிவுரைகளைக் கேட்டு, 1856இல் மருத்துவப் பட்டம் பெற்றார். இதற்கிடையே மகள்களோடு வந்து சேரப் புறப்பட்ட தாய், வழியில் கப்பலிலேயே இறந்துபோனார். தொழிலின் முதல் ஆசான் அவர்தான். மகள் பட்டம் வாங்கியதைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

பட்டத்தோடு நியூயார்க்குக்குத் திரும்பியவருக்கு மருத்துவ அறை வைக்க யாரும் வாடகைக்கு இடம் தரவில்லை. அந்நாளில் அந்த நகரில் ‘பெண் மருத்துவர்’ என்று பலகை வைத்திருந்தவர்களில் பெரும்பாலோர் மறைவாகக் கருக்கலைப்புச் செய்பவர்கள். வீட்டுக்காரர்கள் அந்தப் பெயரைக் கேட்டதுமே கதவைச் சாத்தினார்கள். கடைசியில் பிளாக்வெல் வீட்டின் பின்கூடமே அவரது மருத்துவ அறையாயிற்று. அங்கிருந்துகொண்டு நியூயார்க்கிலும் பாஸ்டனிலும் நன்கொடை திரட்டினார். 1857 மே 12 அன்று எலிசபெத், அவருடைய தங்கை எமிலி, மரீ மூவரும் பிளீக்கர் தெருவில் ஏழைப் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான மருத்துவமனையைத் திறந்தார்கள்.

அங்கே மரீ இரண்டு ஆண்டுகள் சம்பளம் வாங்காமல் உள்ளுறை மருத்துவராக இருந்தார். உள்ளுறை மருத்துவர் என்பது பெயருக்குத்தான்; நடப்பில் வீட்டு நிர்வாகியும் அவரே. விடியுமுன் எழுந்து பொதுவண்டியில் மொத்தச் சந்தைக்குப் போய்க் காய்கறியும் இறைச்சியும் வாங்கி வருவார். காலை உணவு முடிந்ததும் வார்டு, பிறகு வெளிநோயாளிகள், பிறகு மாணவிகளுக்குப் பாடம். மாலையில் துண்டும் விரிப்பும் வெட்டித் தைக்கும் வேலை. இரவில் பிரசவ அழைப்பு வந்தால் அதற்கும் அவரே போக வேண்டும்.

ஒருமுறை அங்கே பிரசவத்துக்கு வந்த பெண் இறந்துபோனாள். உறவினர்கள் கோடரியும் மண்வெட்டியுமாக வாசலில் திரண்டார்கள். உள்ளே இருக்கும் பெண் மருத்துவர்கள் பிள்ளைத்தாய்ச்சிகளைக் கொல்கிறார்கள் என்று கூச்சல். கதவை உடைக்க இருந்த நேரத்தில், தன் குடும்பத்தார் அங்கே சிகிச்சை பெற்றதை அறிந்த அயர்லாந்துத் தொழிலாளி ஒருவர் குறுக்கே வந்து நின்று, எந்த மருத்துவரிடம் போனாலும் சிலர் பிழைப்பதில்லையே என்று எடுத்துச் சொல்லிக் கூட்டத்தை அமைதிப்படுத்தினார். அன்று பேறுகால மரணம் எங்கும் சாதாரணம். ஆண் மருத்துவரின் கையில் நேர்ந்தால் அது விதி, பெண்ணின் கையில் நேர்ந்தால் கொலை. மரீயும் தோழிகளும் வேலை பார்த்த சூழல் அது.

நுண்ணோக்கிக்காக ஒரு சண்டை

1859இல் பாஸ்டனிலிருந்த நியூ இங்கிலாந்து பெண்கள் மருத்துவக் கல்லூரியில் பிரசவ மருத்துவப் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். 1848இல் அதைத் தொடங்கிய சாமுவேல் கிரிகரி மருத்துவரல்லர். பெண்ணின் பிரசவத்தை ஆண் பார்ப்பது ஒழுக்கக்கேடு என்பதே அவரது வாதம். நாணத்தைக் காக்கப் பெண் மருத்துவர்கள் வேண்டும் என்றார். மரீயும் பெண் மருத்துவர்களைத்தான் விரும்பினார், ஆனால் முற்றிலும் வேறு காரணத்துக்காக. பெண்ணுக்கு இளகிய மனம் என்பதால் அவளை மருத்துவராக்க வேண்டியதில்லை. ஆணுக்கு நிகராக அறிவியலைக் கற்று, உடலை ஆராய்ந்து, நோயை நிதானிக்க முடியும் என்பதால் ஆக்க வேண்டும். அறிவியலுக்கு ஆண் பெண் பேதமில்லை என்பது அவர் வாழ்நாள் முழுதும் விடாத நிலைப்பாடு.

இந்த வேறுபாடு நுண்ணோக்கி விஷயத்தில் வெடித்தது. மாணவிகளுக்கு நுண்ணோக்கி, வெப்பமானி, சோதனைக் குழாய்கள் வேண்டும் என்று மரீ கேட்டார். அதெல்லாம் ஐரோப்பியப் புதுமோகம் என்று கிரிகரி கருதினார். போதிய தேர்ச்சியில்லாத மாணவிகளுக்குப் பட்டம் தரவும் மரீ சம்மதிக்கவில்லை. அரைகுறையாகப் படித்த ஒரு பெண் மருத்துவரின் தவறு எல்லாப் பெண் மருத்துவர்களின் தலையிலும் விழும் என்பது அவருக்குத் தெரியும். மூன்றாண்டுக்குப் பின் 1862இல் விலகினார். கல்லூரியின் நோயாளிப் பிரிவை ஆதரித்துவந்த பெண்கள் சிலரும் அவரோடு வந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவரான எட்னா டோ செய்னி பின்னாளில் புதிய மருத்துவமனையின் தலைவரானார்.

நியூ இங்கிலாந்து மருத்துவமனை

1862 ஜூலை 1 அன்று, உள்நாட்டுப் போர் மூண்டிருந்த காலத்தில், ஒரு வாடகை வீட்டில் பத்துப் படுக்கைகளோடு மருத்துவமனை திறந்தது. அதன் சாசனம் மூன்று நோக்கங்களைச் சொன்னது: பெண்களுக்குத் தேர்ந்த பெண் மருத்துவர்களால் சிகிச்சை, படித்த பெண்களுக்கு மருத்துவத்தில் நேரடிப் பயிற்சி, நோயாளிகளைப் பராமரிக்கச் செவிலியரைப் பழக்குதல். பாஸ்டனின் பெயர்பெற்ற ஆண் மருத்துவர்கள் சிலர் ஆலோசகர்களாக உதவினார்கள். அன்றாட நிர்வாகமும் சிகிச்சையும் பெண்கள் கையில். 1872இல் ராக்ஸ்பரியில் சொந்தக் கட்டடம் எழுந்தது.

வந்தவர்களில் பெரும்பாலோர் ஏழைகள், அவர்களிலும் குடியேறிய பெண்கள் மிகுதி. மணமாகாத தாய்மாரையும் மருத்துவமனை ஏற்றுக்கொண்டது. அதற்காக நன்கொடையாளர்களின் முகச்சுளிப்பையும் பொறுத்துக்கொண்டது. பேறுகாலக் காய்ச்சல் அன்று பிரசவ வார்டுகளின் பெரும் எமன். மருத்துவரின் கையே அதைப் பரப்புகிறது என்று ஒலிவர் வெண்டல் ஹோம்ஸ் 1843இல் இதே பாஸ்டனில் எழுதியும் பலர் ஏற்கவில்லை. மரீயின் மருத்துவமனை பிரசவப் பிரிவை மற்ற நோயாளிகளிடமிருந்து விலக்கித் தனிக் கட்டடத்தில் வைத்தது, சுத்தத்தைக் கண்டிப்பாக நடத்தியது. வெளிநோயாளிகளின் வீடுகளுக்கு மருத்துவர்கள் நேரில் போய் இருட்டறை, ஈரத்தரை, உணவுக்குறை ஆகியவற்றையும் குறித்துக்கொண்டார்கள். பிற்காலத்தில் மருத்துவமனைச் சமூகப் பணி என்று தனித் துறையானதன் தொடக்கங்களில் இதுவும் ஒன்று.

அங்கிருந்து புறப்பட்டவர்களின் வரிசை பெரிது. சோபியா ஜெக்ஸ்-பிளேக் 1865இல் இங்கிலாந்திலிருந்து வந்து, அங்கே வேலை பார்த்தபின்தான் மருத்துவராவது என்று முடிவு செய்தார். திரும்பிப்போய் எடின்பரோ பல்கலைக்கழகத்தின் கதவைத் தட்டிய ஏழு பெண்களுக்குத் தலைமை தாங்கினார். அந்த எழுவரில் ஒருவரான ஈடித் பீச்சி 1883இல் பம்பாய்க்கு வந்து காமா மருத்துவமனையின் பொறுப்பை ஏற்றவர். சூசன் டிமோக்கை ஹார்வர்டு சேர்க்க மறுத்தது. அவர் சூரிச்சில் படித்து வந்து, 1872இல் உள்ளுறை மருத்துவராகிச் செவிலியர் பள்ளியை ஒழுங்குபடுத்தினார். 1875இல் ஐரோப்பாவுக்குப் போகையில் ‘ஷில்லர்’ கப்பல் மூழ்கி இறந்தபோது அவருக்கு வயது 28. அந்தப் பள்ளியில் 1873இல் தேறிய லிண்டா ரிச்சர்ட்ஸ், முறையாகப் பயின்ற முதல் அமெரிக்கச் செவிலியராகக் கருதப்படுகிறார். 1879இல் தேறிய மேரி எலைசா மஹோனி, முறையான பயிற்சி முடித்த முதல் கறுப்பின அமெரிக்கச் செவிலியர். அதே மருத்துவமனையில் சமையலும் சலவையும் பார்த்தபின் மாணவியாகச் சேர்ந்தவர்.

இந்த இடத்திலும் நிறவெறி அறவே இல்லாமல் போகவில்லை. 1878இல் கரோலின் ஸ்டில் ஆண்டர்சன் என்ற கறுப்பின மருத்துவர் பயிற்சிக்கு விண்ணப்பித்தபோது நிர்வாகக் குழு முதலில் மறுத்தது; அவர் நேரில் வந்து பேசியபின்தான் சேர்த்துக்கொண்டது. அடிமை ஒழிப்பாளர்களின் நட்பு வட்டத்தில் வளர்ந்த நிறுவனத்துக்கு இது ஒரு கறை. அதை மறைத்து வரலாறு எழுதுவது நியாயமாகாது.

வீடும் கொள்கையும்

மரீ மணம் செய்துகொள்ளவில்லை. ராக்ஸ்பரியில் தம் வீட்டில் கார்ல் ஹைன்ட்ஸன் குடும்பத்தோடு பல ஆண்டுகள் வாழ்ந்தார். ஹைன்ட்ஸன் ஜெர்மனியிலிருந்து வெளியேறிய புரட்சிக்காரர். அடிமைமுறையையும் பெண்ணடிமையையும் எதிர்த்து ஜெர்மன் மொழியில் இதழ் நடத்தியவர். தோழி ஜூலியா ஸ்ப்ரேக் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் உடன் வாழ்ந்தார். வில்லியம் லாயிட் கேரிசன், வெண்டல் பிலிப்ஸ் போன்ற அடிமை ஒழிப்பாளர்கள் மரீயின் நண்பர்கள். சமயச் சடங்குகளில் அவருக்கு நம்பிக்கையில்லை. பெயரை உச்சரிக்கத் திணறிய அமெரிக்கர்களுக்கு அவர் ‘டாக்டர் சாக்’.

மாநில மருத்துவச் சங்கம் 1884 வரை பெண்களை உறுப்பினராக ஏற்கவில்லை. ஹார்வர்டு மருத்துவப் பள்ளி பெண்களைச் சேர்த்தால் 50,000 டாலர் தருவதாக 1881இல் மரீயும் பிற பெண் மருத்துவர்களும் முன்வந்தார்கள், பல்கலைக்கழகம் மறுத்தது. அந்தப் பள்ளி பெண்களைச் சேர்த்தது 1945இல்.

முதுமையில் அவர் எல்லாவற்றிலும் காலத்துக்கு முன்னே நிற்கவில்லை. கிருமியியல் ஓங்கியபோது, நோயின் காரணத்தைக் கிருமியில் மட்டும் தேடினால் வறுமையும் வாழ்விடமும் மறந்துபோகும் என்று ஐயப்பட்டார். ஐரோப்பாவில் பயின்று வந்த இளைய மருத்துவர்களுக்கு இது பிடிவாதமாகத் தோன்றியது. நுண்ணோக்கிக்காகச் சண்டை போட்டவரே இப்படியா என்று கேட்கத் தோன்றும். ஆனால் குஞ்சம் பின்னிய பெண்களோடு வாழ்ந்து பார்த்தவரின் ஐயம் அது. முழுக்கத் தவறென்று தள்ளிவிட முடியாது.

1899இல் ஓய்வுபெற்ற மரீ, 1902 மே 12 அன்று பாஸ்டனில் காலமானார். தம் இறுதி நிகழ்ச்சியில் மதகுரு யாரும் பேச வேண்டாம் என்று, அங்கே படிப்பதற்கான விடைபெறும் உரையைத் தாமே எழுதிவைத்திருந்தார். அவரது வாழ்க்கைக் குறிப்பின் முதல் வடிவத்தை, அவர் எழுதிய கடிதத்தைக் கொண்டு கரோலின் டால் 1860இல் பதிப்பித்தார். விரிவான நூலை ஆக்னஸ் வீட்டர் 1924இல் வெளியிட்டார். ராக்ஸ்பரி மருத்துவமனை 1969இல் சூசன் டிமோக்கின் பெயரில் மக்கள் நல மையமாக மாறியது; இன்றும் அதே வளாகத்தில் இயங்குகிறது. அங்குள்ள பழைய கட்டடங்களில் ஒன்றுக்கு மரீயின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது.