வெயில் ஆகாது

புற்றுக்கட்டியை ஒளியால் அழிக்கும் சிகிச்சைக்காகப் போர்ஃபிமர் சோடியம் என்ற மருந்தை ஏற்றிக்கொண்டவர் குறைந்தது 30 நாள் வெயிலில் தலைகாட்டக் கூடாது. மீறினால் தோல் சிவந்து வீங்கிக் கொப்புளிக்கும். இதை ‘ஒளி ஒவ்வாமை’ என்கிறார்கள். எனக்கு அது ஒவ்வவில்லை. ஒவ்வுதல் என்றால் ஒத்திருத்தல், பொருந்துதல். ‘ஒவ்வாத பேச்சு’ என்கிறோமே, அதுதான். 1906இல் வியன்னா மருத்துவர் பிர்கே கிரேக்க வேர்களிலிருந்து ஆக்கிய ‘அலர்ஜி’க்கு ஈடாகப் புழங்கி, ஒவ்வாமை இன்று நோயெதிர்ப்பின் கோளாறாகச் சுருங்கிவிட்டது. இங்கே நடப்பது வேறு. தோலில் தங்கிய மருந்து ஒளியை வாங்கி, அருகிலுள்ள ஆக்சிஜனை உசுப்பிவிட்டுச் செல்லைத் தாக்குகிறது. கட்டியைக் கொல்லும் அதே வேலைதான், இடம் மாறி நடக்கிறது. 1912இல் ஜெர்மன் மருத்துவர் மேயர்-பெட்ஸ், இதே இனச் சேர்மமான ஹெமட்டோபோர்ஃபிரினைத் தன் உடலிலேயே ஏற்றிக்கொண்டு வெயில் பட நின்றார். முகமும் கைகளும் பொம்மென்று வீங்கின. இதைச் சொல்ல நம்மிடம் ‘கூச்சம்’ என்ற சொல் இருக்கிறது. பல் கூசும், கண் கூசும், உள்ளங்கால் கூசும். தாங்காமல் உடம்பு சுருங்குவது. இப்போது கூச்சமென்றால் வெட்கம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது, அது வேறு கதை. ‘ஒளிக்கூச்சம்’ கண்ணுக்கென்று ஏற்கெனவே போய்விட்டதால், ‘தோல் ஒளிக்கூச்சம்’ எனலாம். கொப்புளத்துக்குக் கூச்சம் மென்மையான சொல் என்பவர்கள் ‘வெயில் ஆகாது’ என்றே மருந்துச் சீட்டில் எழுதட்டும். சன்ஸ்கிரீன் பூசினாலும் ஆகாது. இந்த மருந்தைக் கிளப்பிவிடக் கண்ணுக்குத் தெரியும் ஒளியே போதும்.