‘பறக்கும் தட்டு’ புரளிகள்: விளையாட்டின் விலையை யார் கொடுக்கிறார்கள்?

மைசூரு: 2024-ஆம் ஆண்டு தசரா விழாவின்போது மைசூரு பன்னிமண்டப மைதானத்துக்கு மேலே சுமார் 1,500 ட்ரோன்கள் ஒளிக் கோலங்களை வரைந்தன. முன்கூட்டியே அறிவித்து நடத்தப்பட்டதால் அது கண்காட்சி. அந்த விளக்குகளில் நான்கைந்து மட்டும், எவரிடமும் சொல்லாமல், நள்ளிரவில் அக்ரஹாரம் தெருக்களுக்கு மேலே மிதந்திருந்தால், காவல் கட்டுப்பாட்டு அறையின் தொலைபேசி ஓய்ந்திருக்காது. பறக்கும் தட்டுப் புரளிகள் பிழைத்திருப்பது இந்த இடைவெளியில்தான்.

இருண்ட வானில் தெரியும் ஒளிப்புள்ளியின் அளவையும் தொலைவையும் மனிதக் கண்ணால் கணிக்க இயலாது. ஒப்பிட்டுப் பார்க்க அங்கே மரமோ கட்டடமோ இல்லை. அருகில் உள்ள சிறு விளக்கும் தொலைவில் உள்ள பெரிய விளக்கும் ஒன்றுபோலவே தோன்றும். படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாடு இதில் கிடையாது.

இதைச் சோதித்துப் பார்க்கவே அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் மோரிஸ் மாவட்டத்தில் 2009 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் இரண்டு இளைஞர்கள் களமிறங்கினர். ஹீலியம் பலூன்களில் தூண்டில் நரம்பால் எச்சரிக்கைச் சுடர்களைக் கட்டி, ஐந்து இரவுகளில் பறக்கவிட்டனர். செந்நிற ஒளிகள் வரிசையாக மிதந்ததைப் பலர் பார்த்தனர். தொலைக்காட்சிகள் நேர்காணல் எடுத்தன. பறக்கும் தட்டு ‘ஆய்வாளர்கள்’ விளக்கம் அளித்தனர். அந்த ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி இருவரும் செய்முறைக் காணொளியுடன் உண்மையை வெளியிட்டனர். நீதிமன்றம் தலா 250 டாலர் அபராதமும் 50 மணி நேரச் சமூகப் பணியும் விதித்தது. எரியும் சுடர் கூரை மீது விழுந்திருந்தாலோ, விமானியின் பார்வையைத் திசை திருப்பியிருந்தாலோ கணக்கு வேறாக இருந்திருக்கும்.

இங்கிலாந்தில் 1967 செப்டம்பர் 4-ஆம் தேதி நடந்தது இன்னும் பெரிய ஏற்பாடு. ஷெப்பி தீவு முதல் கிளிவ்டன் வரை, நாட்டின் தென்பகுதியில் ஏறத்தாழ ஒரே நேர்கோட்டில் ஆறு சிறிய தட்டுகள் கிடந்தன. உள்ளே ஒலி எழுப்பும் மின்னணுக் கருவி. துளையிட்டால் துர்நாற்றத்துடன் வழியும் கூழ். காவல்துறை, ராணுவம், வெடிகுண்டு நிபுணர்கள், பாதுகாப்பு அமைச்சகம் என அனைவரும் ஓடினர். ஒன்றை ஹெலிகாப்டரில் எடுத்துச் சென்றனர். மற்றொன்றை வெடிவைத்துத் தகர்த்தனர். ஃபார்ன்பரோ விமான ஆய்வு நிலையத்தின் பயிற்சி மாணவர்கள் அறப்பணி நிதி திரட்டும் வாரத்துக்காகச் செய்த வேலை இது என்பது அன்றே தெரியவந்தது. அந்தக் கூழ், மாவையும் தண்ணீரையும் சேர்த்துக் காய்ச்சியது. வேற்றுக் கிரகவாசிகள் வந்தால் அரசு என்ன செய்யும் என்பதைச் சோதித்ததாகவும் மாணவர்கள் கூறினர். சிரித்துக் கடக்கக்கூடிய நிகழ்வுதான். ஆனால் அந்தத் தட்டுகளை முதலில் கையில் தூக்கியவர்கள், அது வெடிகுண்டா இல்லையா என்று தெரியாமலேயே தூக்கினார்கள்.

ஈக்வடார் தலைநகர் கீட்டோவில் எவரும் சிரிக்கவில்லை. 1949 பிப்ரவரி 12-ஆம் தேதி அந்நகர வானொலி, எச்.ஜி.வெல்ஸின் செவ்வாய்க் கிரகப் படையெடுப்புக் கதையை உண்மைச் செய்தி போல ஒலிபரப்பியது. மக்கள் தெருவுக்கு ஓடினர். நாடகம் என்று அறிவிக்கப்பட்டதும் அச்சம் ஆத்திரமானது. வானொலி நிலையம் இயங்கிய ‘எல் கொமெர்சியோ’ நாளிதழ்க் கட்டடம் தீ வைக்கப்பட்டு, குறைந்தது 6 பேர் உயிரிழந்தனர்.

இந்தியாவில் இவ்வளவு திட்டமிட்ட பறக்கும் தட்டுப் புரளிகள் அரிது. இங்கே பெரும்பாலும் தவறான அடையாளமே அச்சத்தை உண்டாக்குகிறது. 2020 அக்டோபரில் உத்தரப் பிரதேசத்தின் கிரேட்டர் நொய்டா அருகே தன்கவுர் பகுதியில் விசித்திர உருவம் ஒன்று வானிலிருந்து இறங்கியபோது, வேற்றுக் கிரகவாசி என்று கிராமத்தினர் அஞ்சினர். கால்வாய் ஓரம் விழுந்த அந்த உருவம் ஓடும் நீர் பட்டு அசைந்தது, அச்சத்தை மேலும் கூட்டியது. காவல்துறையினர் சென்று பார்த்தபோது, ‘அயர்ன் மேன்’ திரைப்பட நாயகனின் வடிவில் செய்த வாயு பலூன் அது.

பலூனுடன் முடிந்தால் நல்லது. 2023 நவம்பர் 19-ஆம் தேதி இம்பால் விமான நிலையம் அருகே அடையாளம் தெரியாத பொருள் தென்பட்டதாகத் தகவல் வந்ததும் விமானப் போக்குவரத்து பல மணி நேரம் நிறுத்தப்பட்டது. விமானப்படை தனது வான் பாதுகாப்பு நடவடிக்கையை முடுக்கிவிட்டது. தேடுதலுக்கு ரஃபேல் விமானங்களும் அனுப்பப்பட்டதாகச் செய்திகள் வெளியாகின. எதுவும் சிக்கவில்லை. அதைப் புரளி என்று எவரும் நிறுவவில்லை. ஆயினும், வானில் ஒரு புள்ளி என்ற தகவல் வந்தாலே எத்தனை இயந்திரங்கள் சுழலத் தொடங்கும் என்பதை அந்த ஞாயிற்றுக்கிழமை காட்டியது.

எல்லையில் நிலைமை இன்னும் நுட்பமானது. லடாக்கின் பாங்காங் ஏரிப் பகுதியில் 2012 ஆகஸ்ட் முதல் 2013 பிப்ரவரி வரை மர்ம ஒளிகளை ராணுவத்தினர் 329 முறை பதிவு செய்தனர். அவை சீனாவின் உளவு ட்ரோன்களோ என்ற ஐயம் எழுந்தது. பெங்களூரில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வானியலாளர்கள் ஆராய்ந்தபோது, அவை வெள்ளியும் வியாழனும் எனத் தெரிந்தது. இதே நிறுவனம்தான் மைசூர் பல்கலைக்கழகத்துடன் இணைந்து சாமுண்டி மலையடிவாரத்தில் ‘காஸ்மாஸ்’ கோளரங்கத் திட்டத்தை மேற்கொண்டுள்ளது. கோள்களே இத்தகைய ஐயத்தை எழுப்பும் இடத்தில், வேண்டுமென்றே ஒருவர் விளக்கைப் பறக்கவிட்டால் என்ன ஆகும் என்பது கற்பனைக்கு உரியதன்று.

சட்டம் இதை விளையாட்டாகக் கருதவில்லை. பொது அமைதிக்கு எதிரான குற்றத்தைத் தூண்டும் வகையில் மக்களிடம் அச்சம் விளைவிக்கும் பொய்த் தகவலைப் பரப்பினால், பாரதிய நியாய சம்ஹிதையின் 353-ஆவது பிரிவின்கீழ் மூன்று ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு. விமான நிலையங்களைச் சுற்றியுள்ள கட்டுப்பாட்டு மண்டலங்களில் அனுமதியின்றி ட்ரோன் இயக்குவதை 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகள் தடுக்கின்றன.

இன்று புரளிக்குப் பலூனும் தேவையில்லை. வேற்றுக் கிரகவாசியின் உடற்கூறாய்வு என்று 1995-இல் பல நாட்டுத் தொலைக்காட்சிகளில் ஒளிபரப்பான படம் ‘மறு உருவாக்கம்’ என அதன் தயாரிப்பாளர் ரே சான்டிலி ஒப்புக்கொள்ள 2006 வரை ஆனது. அதற்குப் பொம்மை செய்யச் சிற்பி ஒருவர் தேவைப்பட்டார். இப்போது அந்த வேலையைக் கணினியே செய்துவிடுகிறது.

காணொளியைப் பகிரும் முன் பார்க்க வேண்டியவை எளியவை. மாலையில் மேற்கிலோ விடியலில் கிழக்கிலோ நெடுநேரம் ஏறக்குறைய அசையாமல் ஒளிர்வது பெரும்பாலும் வெள்ளிக் கோள். முத்துச்சரம் போல் வரிசையாக நகர்வது, அண்மையில் ஏவப்பட்ட ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களாக இருக்கலாம். காற்றின் போக்கில் மிதந்து சில நிமிடங்களில் ஒவ்வொன்றாக அணைந்துபோவது, யாரோ ஏற்றிவிட்ட விளக்கு.