தங்கையின் இதயம், அண்ணனுக்கு மருந்து

வேம்பயர் படம் எதை எடுத்துக்கொண்டாலும் ஒரு காட்சி தவறாமல் இருக்கும். கதாநாயகனின் காதலியோ தங்கையோ கடிபட்டுவிடுவாள். நேற்றுவரை சிரித்துப் பேசிய முகத்தில் இன்று பல் நீளும், கண் நிறம் மாறும். பக்கத்தில் நிற்கும் பெரியவர் ஒருவர் "இது அவள் இல்லை, அவள் எப்போதோ போய்விட்டாள்" என்பார். கதாநாயகன் அழுதுகொண்டே கட்டையை ஓங்குவான். நாமும் பாப்கார்னை ஓரமாக வைத்துவிட்டு உச்சுக்கொட்டுவோம்.

இந்தக் காட்சிக்கெல்லாம் தாய்க்காட்சி 1897-ல் வந்த பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' நாவலில் இருக்கிறது. லூசி என்ற பெண் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் வற்றி, வெளுத்து, இறந்துபோகிறாள். பிறகு கல்லறையிலிருந்து எழுந்து வந்து குழந்தைகளைக் கடிக்கிறாள். அவளைத் திருமணம் செய்துகொள்ள இருந்த ஆர்தரே அவள் நெஞ்சில் கட்டையை அடித்து இறக்குகிறான். அதற்கு முன் மற்றவர்கள் அவனைத் தயார் செய்கிறார்கள். எப்படி? அவளை 'அவள்' என்று நினைப்பதை நிறுத்த வைத்து. கல்லறைக்குள் கிடப்பது லூசி இல்லை, ஏதோ ஒரு 'அது' என்று மனசு ஒப்புக்கொண்ட பிறகுதான் கை ஓங்குகிறது.

சரி, கதையில் லூசி நிஜமாகவே மாறிவிடுகிறாள், அதனால் ஆர்தர் மேல் நமக்குக் கோபம் வருவதில்லை. ஒருத்தி மாறவே இல்லை, எதுவுமே செய்யவில்லை, வெறுமனே செத்துப்போனாள், ஆனாலும் வீட்டுக்காரர்கள் இதைத்தான் செய்தார்கள் என்றால்? அப்படி நடந்திருக்கிறது. டிராகுலா வெளிவருவதற்கு ஐந்தே வருடம் முன்னால், அமெரிக்காவில்.

ரோட் ஐலண்ட் மாநிலத்தில் எக்ஸெட்டர் என்று ஒரு விவசாய ஊர். 1820-ல் 2,500 பேருக்கு மேல் இருந்த ஊரில் 1892-ல் மிச்சம் இருந்தது 961 பேர். நிலம் பாறை, விளைச்சல் சொற்பம், இளைஞர்கள் மேற்கே போய்விட்டார்கள். அங்கே ஜார்ஜ் பிரவுன் என்ற விவசாயியின் வீட்டில் 1883 டிசம்பரில் மனைவி மேரி எலைசா காசநோயில் இறந்தார். அடுத்த ஆண்டே மூத்த மகள் மேரி ஆலிவ், துணி தைக்கும் பெண், வயது 20. அப்புறம் சில வருடம் ஒன்றும் இல்லை. பிழைத்தோம் என்று நினைத்திருப்பார்கள். பிறகு மகன் எட்வின் இரும ஆரம்பித்தான். கடையில் வேலை பார்த்த, வாட்டசாட்டமான ஆள். காற்று நன்றாக இருக்கும் என்று கொலராடோ ஸ்பிரிங்ஸுக்கு அனுப்பினார்கள். அவன் அங்கே இருக்கும்போதே இங்கே தங்கை மெர்சி லீனாவுக்கு நோய் வந்தது. அவளுக்கு வந்தது பாய்ச்சல் வேகத்தில் தின்னும் வகை. 1892 ஜனவரி 17 அன்று போய்விட்டாள். வயது 19. (ஊரில் அவளை லீனா என்றுதான் கூப்பிடுவார்கள். பிசாசுக் கதையாகப் பிரபலமான பிறகுதான் அவள் உலகத்துக்கு 'மெர்சி பிரவுன்' ஆனாள். மெர்சி என்றால் கருணை!) எட்வின் ஊர் திரும்பினான், முன்னைவிட மோசமாக.

இந்த இடத்தில் கொஞ்சம் நோயைப் பற்றிப் பேச வேண்டும். காசநோய்க்கு நம் பழைய பெயர் க்ஷயரோகம். க்ஷயம் என்றால் தேய்வது. தட்சனின் சாபத்தால் சந்திரனுக்கே க்ஷயம் வந்து தேய்ந்தான் என்று புராணம் சொல்லும். வெள்ளைக்காரர்கள் வைத்த பழைய பெயருக்கு 'தின்று தீர்ப்பது' என்று அர்த்தம். இரண்டுமே ஒரே காட்சியைத்தான் சொல்கின்றன: கண்ணெதிரே ஒரு ஆள் கரைகிறார். முகம் வெளுக்கிறது, எலும்பு துருத்துகிறது, காலையில் உதட்டோரம் ரத்தம். யாரோ ராத்திரி வந்து உறிஞ்சிவிட்டுப் போனது போலவே இருக்கும். ஒருவர் செத்தால் அதே வீட்டில் அடுத்தவர் படுப்பார்.

நான் படிப்பது பி.காம். எங்கள் பாடத்தில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது இரட்டைப் பதிவு முறை. ஒரு கணக்கில் குறைந்தால் இன்னொரு கணக்கில் ஏறியிருக்க வேண்டும், சும்மா காணாமல் போகாது. எக்ஸெட்டர்காரர்கள் போட்டது அப்பட்டமாக இந்தக் கணக்குதான்! எட்வின் உடம்பில் ரத்தம் குறைகிறது. அப்படியானால் அது எங்கேயோ ஏறுகிறது. உயிரோடு இருப்பவர் யாரிடமும் இல்லை. அப்போது செத்தவர்களில் ஒருவரிடம். யாருடைய இதயத்தில் இன்னும் ரத்தம் இருக்கிறதோ அவர்தான். பிணம் எழுந்து நடக்க வேண்டும், ஜன்னல் வழியாக வர வேண்டும் என்றெல்லாம் கட்டாயம் இல்லை. படுத்த இடத்திலிருந்தே உறிஞ்சும். தீர்வு: அந்த இதயத்தை எரித்து, சாம்பலை நோயாளிக்குக் கொடு.

கவனியுங்கள், இதில் லீனா மேல் யாருக்கும் வெறுப்பு இல்லை. அவள் கெட்டவள் ஆகிவிட்டாள் என்றுகூட யாரும் சொல்லவில்லை. லூசிக்காவது பல் முளைத்தது, ஒரு குணம் வந்தது, பயப்பட ஒரு முகம் இருந்தது. லீனாவுக்கு அதுவும் இல்லை. அவள் ஒரு ஓட்டை, அதை அடைக்க வேண்டும், அவ்வளவுதான். எனக்கு நாவலைவிட இதுதான் பயமாக இருக்கிறது.

ஜார்ஜ் பிரவுனுக்கு இதில் நம்பிக்கை இல்லை என்றே அன்றைய பத்திரிகைச் செய்தி சொல்கிறது. ஆனால் அக்கம்பக்கத்தார் விடவில்லை. யோசித்துப் பாருங்கள், மனைவி போயாச்சு, இரண்டு பெண்கள் போயாச்சு, பையன் உள்ளறையில் இருமிக்கொண்டிருக்கிறான். ஊரே வந்து "ஒரு வழி இருக்கிறது, நீ மாட்டேன் என்கிறாய்" என்கிறது. மறுத்துவிட்டு, நாளை அவனும் போனால்? அவர் சரி என்றார். ஆனால் சம்பவ இடத்துக்கு அவர் போகவில்லை.

1892 மார்ச் 17 காலையில் செஸ்ட்நட் ஹில் கல்லறைத் தோட்டத்தில் ஆட்கள் கூடினார்கள். டாக்டர் ஹரோல்ட் மெட்காஃப் இருந்தார், 'பிராவிடன்ஸ் ஜர்னல்' நிருபரும் இருந்தார். எட்டு வருடம் மண்ணில் கிடந்த தாயும் மூத்தவளும் கிட்டத்தட்ட எலும்புதான். லீனா இறந்து இரண்டே மாதம், அதுவும் நியூ இங்கிலாந்தின் உறைபனிக் காலம், பெட்டியும் மண்ணுக்குள் போகாமல் தரைக்கு மேல் ஒரு கல்லறை அறையில் இருந்தது. உடல் கெடாமல்தான் இருக்கும். இதயத்தில் உறைந்த ரத்தம் இருந்தது. இது இயற்கைதான், ஒன்றும் அதிசயம் இல்லை, நுரையீரலில் காசநோயின் அடையாளம் இருக்கிறது என்று டாக்டர் சொல்லிப் பார்த்தார். யார் கேட்டார்கள்? இதயத்தையும் ஈரலையும் எடுத்துப் பக்கத்திலிருந்த பாறை மேல் வைத்து எரித்தார்கள். சாம்பலைக் கரைத்து எட்வினுக்குக் கொடுத்தார்கள்.

எட்வின் மே 2 அன்று இறந்துவிட்டான்.

இதில் தேதிதான் மனசை உறுத்துகிறது. ராபர்ட் காக் என்ற ஜெர்மானிய மருத்துவர் காசநோய்க்குக் காரணம் ஒரு கிருமி என்று பெர்லினில் அறிவித்தது 1882 மார்ச் 24. லீனாவின் பெட்டியைத் திறந்தபோது அதற்குப் பத்து வருடம் நிறைய இன்னும் ஒரே வாரம்தான் பாக்கி. அதாவது குற்றவாளி யாரென்று உலகத்துக்குத் தெரிந்தாகிவிட்டது. எட்வினையும் லீனாவையும் தின்றது ஒரே வீட்டுக் காற்றில் இருமல் வழியாகப் பரவி, உடம்புக்குள் வருடக்கணக்கில் தூங்கிவிட்டு விழிக்கும் ஒரு கிருமி. ஆனால் தெரிந்து என்ன? கிருமியைக் கண்டுபிடித்தவரிடமும் மருந்து இல்லை. டாக்டர் சொன்னது உண்மை, ஆனால் அந்த உண்மையில் எட்வினுக்குக் கொடுக்க ஒன்றுமே இல்லை. ஊரார் சொன்னது பொய், ஆனால் அதில் ஒரு டம்ளர் மருந்தாவது இருந்தது. இதற்காக அவர்கள் செய்ததை நான் நியாயப்படுத்தவில்லை. 'முட்டாள் கிராமத்தான்கள்' என்று அன்று பட்டணத்துப் பத்திரிகைகள் சிரித்தனவே, அந்தச் சிரிப்பில் சேர எனக்கு மனசு வரவில்லை. வேம்பயர் என்ற சொல்லை ஒட்டவைத்ததே பெரும்பாலும் பத்திரிகைக்காரர்கள்தான்.

படிக்காதவர்கள்தான் இப்படி என்றும் சொல்ல முடியாது. 1817-ல் வெர்மான்ட் மாநிலத்தில் ஃபிரெடரிக் ரான்சம் என்ற 20 வயது மாணவர் காசநோயில் இறந்தார். படித்தது டார்ட்மவுத் கல்லூரியில், குடும்பமும் மதிப்பான குடும்பம். மற்ற பிள்ளைகளைக் காப்பாற்ற அப்பாவே உடலைத் தோண்டி எடுக்க வைத்து, இதயத்தைக் கொல்லன் உலையில் எரித்தார். பலன் இல்லை, அந்த வீட்டில் மரணம் தொடர்ந்தது. அப்போது மூன்று வயதாக இருந்த தம்பி டேனியல் பிழைத்து, எண்பது வயது தாண்டி, இதை எழுதி வைத்ததால்தான் நமக்குத் தெரிகிறது. மைக்கேல் பெல் என்ற நாட்டாரியல் ஆய்வாளர் தேடித்தேடி இப்படி எண்பது சம்பவங்கள் வரை சேர்த்திருக்கிறார்.

இன்னும் பின்னால் போனால் செர்பியா. 1725-ல் கிசிலியேவோ கிராமத்தில் பீட்டர் பிளகோயெவிச் என்பவர் இறந்த பத்து வாரத்துக்குள், எட்டே நாளில் ஒன்பது பேர் செத்தார்கள். சாகும் முன் எல்லோரும் அவர் பெயரைச் சொன்னார்கள். அவர் மனைவி சொன்னதுதான் விசித்திரம். புருஷன் வந்து தன் செருப்பைக் கேட்டாராம்! அந்த அம்மாள் ஊரையே விட்டுப் போய்விட்டார். கழுத்தைக் கடிக்கவில்லை, மிரட்டவில்லை, செருப்பு எங்கே என்று கேட்டார், அவ்வளவுதான். முப்பது வருடம் இப்படியே போய், 1755-ல் மரியா தெரேசா அரசி தன் மருத்துவர் வான் ஸ்வீட்டனின் அறிக்கையை வைத்துப் பிணம் தோண்டுவதைத் தடை செய்தார்.

லீனாதான் லூசி ஆனாள் என்று இணையத்தில் பல இடங்களில் எழுதியிருப்பார்கள். நம்பிவிட வேண்டாம். ஸ்டோக்கர் குறிப்புகள் எழுத ஆரம்பித்தது 1890-ல், அப்போது லீனா உயிரோடு இருந்தாள். நியூ இங்கிலாந்து வேம்பயர்களைப் பற்றி 1896-ல் 'நியூயார்க் வேர்ல்ட்' வெளியிட்ட செய்தியை அவர் வெட்டி வைத்திருந்தார் என்பது மட்டும் உண்மை.

எட்வினுக்குத் தேவைப்பட்ட மருந்து வர 1940-கள் ஆகிவிட்டது. அதற்குப் பிறகும் ஒரு பயம் போகவில்லை: நோயாளி வீட்டில் இருந்தால் வீட்டையே தின்றுவிடுவார், சானடோரியத்துக்கு அனுப்பிவிட வேண்டும் என்ற பயம். அதைச் சோதித்துப் பார்த்த இடம் நம்ம சென்னை. 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம் ஏழை நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு நெரிசலான அவர்கள் வீட்டிலேயே, மறு பிரிவுக்கு சானடோரியத்தில், ஒரு வருடம் ஒரே மருந்தைக் கொடுத்தது. முடிவு 1959-ல் வந்தது. குணமானது ஏறக்குறைய ஒரே அளவு. வீட்டாரைத் தொடர்ந்து கவனித்ததில், நோயாளி கூடவே இருந்ததால் அவர்களுக்குக் கூடுதல் ஆபத்தும் இல்லை. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் அம்மாவோ தங்கையோ அதே வீட்டில், அதே கட்டிலில் இருக்கலாம்.

ஜார்ஜ் பிரவுன் அந்த நோய் வராமலே 1922 வரை வாழ்ந்தார். லீனாவின் கல்லறைக் கல்லை 1996-ல் யாரோ திருடிக்கொண்டு போய், பிறகு கிடைத்தது. இப்போது இரும்புப் பட்டை போட்டு இறுக்கி வைத்திருக்கிறார்கள். பார்க்க வருகிறவர்கள் எதையாவது வைத்துவிட்டுப் போகிறார்கள். நகை, பிளாஸ்டிக் வேம்பயர் பல், இப்படி. அவற்றுக்கு நடுவில் யாரோ இருமல் மிட்டாயும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.